தன்னைக் கண்டு அஞ்சாதவர்கள்



ஏப்ரல் பிறந்தால் எனக்கு ஜெயகாந்தன் நினைவு வந்துவிடும். 1934 ஏப்ரல் 24 அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் மறைந்தார். ஆண்டுதோறும் இந்த மாதத்தில் அவருடைய புத்தகங்களில் ஒன்றிரண்டை எடுத்து மறுபடி படிப்பது வழக்கம். இந்த முறை ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படித்தேன். கேள்வி உங்களிடமிருந்து வந்ததுதான். சில மாதங்களாக அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: சந்தோஷமாக வாழ்வது எப்படி என்று ஒரு தொடர் வெளியிடக் கூடாதா?

கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேலை, கடன், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் உடல்நிலை என்று நாள் முழுக்க ஓடிவிட்டு இரவில் பத்திரிகையைப் புரட்டுகிறவர், தன் மனதுக்கு ஒரு வார்த்தை அதில் இருக்காதா என்று தேடுவது இயல்பு. ஆனால் சந்தோஷத்துக்கு வழி சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம், எங்கோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அது எந்தப் படி என்பதை ஒரு நாவலாசிரியரிடம் தேடிப் பார்க்க நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பன்னிரண்டு வயதில் சென்னைக்கு வந்து கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தங்கி வளர்ந்தவர், அச்சகத்தில் வேலை பார்த்தவர், கட்சி தடை செய்யப்பட்ட காலத்தில் தஞ்சாவூரில் ஒரு செருப்புக் கடையில் வேலைக்கு நின்றவர். சந்தோஷத்தைப் பற்றிப் பேச இவருக்கு உரிமை உண்டு.

ஒரு பத்திரிகைக்காரனாக, 'அக்னிப் பிரவேசம்' கதையிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 1966-இல் ஆனந்த விகடனில் வந்த கதை. மழை கொட்டும் மாலை நேரம், பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் ஒரு கல்லூரிப் பெண், வந்து நிற்கும் பெரிய கார். உலகம் தெரியாத அந்தப் பெண் அதில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு, நனைந்த கோலத்தில் வீடு வந்து சேர்கிறாள். நடந்ததை அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். அதன் பிறகு அவள் செய்வதுதான் கதை. மகளை உட்காரவைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்று அவளிடம் சொல்லி, அந்த விஷயத்தை அங்கேயே முடிக்கிறாள்.

கதை வந்ததும் எழுந்த கொந்தளிப்பைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கண்டனக் கடிதங்கள் வந்தன. அந்தத் தாய் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பலர் கொதித்தார்கள். கதைக்கு மாற்று முடிவு எழுதிப் பார்த்த எழுத்தாளர்களும் உண்டு. அந்த அம்மா என்ன தவறு செய்தாள் என்று இன்று படிக்கிற நமக்குப் புரியாமல் போகலாம். மகளை மன்னித்ததுகூட அன்று அவர்களை அவ்வளவு உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன். மன்னிக்க வேண்டிய குற்றம் எதையும் மகள் செய்யவே இல்லை என்று அந்தத் தாய் முடிவு செய்துவிட்டாள். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

ஜெயகாந்தன் அந்தக் கடிதங்களுக்குச் சொன்ன பதில் ஒரு முழு நாவல். சரி, நீங்கள் விரும்பியபடியே அந்தத் தாய் நடந்துகொண்டிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்று எழுதிக் காட்டினார். தினமணி கதிரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற பெயரில் புத்தகமாகி, 1972-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. இந்த நாவலில் அதே மழை, அதே கார், அதே பெண். அம்மா மட்டும் வேறு மாதிரி. அவள் தலையில் அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறாள். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். மாமா அழைத்துப்போய்ப் படிக்கவைக்கிறார். அந்த மாமாவுடைய பார்வையும் சரியில்லை. கங்கா என்ற அந்தப் பெண் படித்து, நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து, கை நிறையச் சம்பாதிக்கிறாள். ஆனாலும் அந்த ஒரு இரவிலிருந்து அவளால் வெளியே வர முடியவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். நடந்த சம்பவம் ஒன்றுதான். ஒரு தாய் சில நிமிடங்களுக்குக் காட்டிய தைரியம் ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தத் தைரியம் இல்லாத இன்னொரு தாய், மகள் மீது இருக்கும் அன்பாலேயே அவளை அழிக்கிறாள். கங்காவின் அம்மாவும் மகளை நேசிப்பவள்தான், கொடுமைக்காரி இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அந்த அன்பைவிட ஒரு விரற்கடை உயரமாக இருந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த இடத்தை எழுதியதற்காகவே ஜெயகாந்தனுக்குத் தமிழ்க் குடும்பங்கள் கடமைப்பட்டிருக்கின்றன என்று நான் நம்புகிறேன். இன்றும் எத்தனையோ வீடுகளில் ஒரு பெண் அழுதுகொண்டே வந்து நிற்கும்போது, முதலில் அவள் முகத்தைப் பார்ப்பதா அல்லது ஜன்னலைச் சாத்துவதா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

கங்காவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமா விடும் சவாலை ஏற்று, அன்று காரில் வந்தவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். பிரபு என்ற அந்த மனிதன் அரக்கன் இல்லை. பலவீனமானவன், தான் பலவீனமானவன் என்பதை அறிந்தவன். இருவருக்கும் இடையில் யாரும் நம்பாத ஒரு நட்பு வளர்கிறது. ஊர் அவளுக்குக் கொடுத்த பெயரையே ஒரு வேஷம்போல எடுத்து அணிந்துகொண்டு அவனோடு பழகுகிறாள். வேஷத்துக்குள்ளே தான் யார் என்பதை அவளால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. முடிவில் அவள் குடியில் விழுவதைப் படிக்கும்போது கோபம் வருகிறது, ஜெயகாந்தன் மேலேயேகூட. இவ்வளவு அறிவுள்ள பெண்ணை ஏன் இப்படிக் கைவிட்டார்? பல முறை படித்த பிறகு ஒன்று விளங்கியது. அறிவும் சம்பாத்தியமும் சுதந்திரமும் கங்காவிடம் இருந்தன. தன்னை மற்றவர்களின் கண்ணால் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அந்தப் பழக்கம் இருக்கும்வரை, மற்ற எதுவும் அவளைச் சந்தோஷத்தின் பக்கம் கொண்டுபோகவில்லை.

உண்மையைச் சொல்வது தைரியம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஜெயகாந்தன் அதற்கும் ஓர் எல்லை வைத்தார். 'அந்தரங்கம் புனிதமானது' கதையில், தந்தைக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருப்பதாக அறிந்துகொள்ளும் மகன் நீதிபதியாக மாறி நிற்கிறான். உண்மை தன் பக்கம் இருக்கிறது என்ற கர்வம் அவனுக்கு. அம்மா தன்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று எதிர்பார்க்கிறான். அவளோ மகனின் பக்கம் வர மறுத்துவிடுகிறாள். அந்தக் கதையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கணவனின் அந்தரங்கத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஏன் எப்போதும் மனைவியின் தலையில் விழ வேண்டும் என்று இன்றைய வாசகி கேட்டால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். ஆனால் மகனைப் பற்றி ஜெயகாந்தன் காட்டுவது மிகச் சரி. அடுத்தவரைப் பற்றிய உண்மையை வெளியே இழுத்துப்போட அதிகத் தைரியம் வேண்டியதில்லை. தன்னைப் பற்றிய உண்மை எதிரே வரும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கைபேசியில் ஒருவருடைய அந்தரங்கம் நொடியில் ஊரெல்லாம் பரவும் இந்தக் காலத்தில், இளையவர்கள் இந்தக் கதையை ஒரு முறை படிக்க வேண்டும்.

தைரியம் என்றாலே ஜெயகாந்தனின் மேடைப் பேச்சைத்தான் பலர் நினைவுகூர்வார்கள். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்து தமிழ்நாடே துக்கத்தில் இருந்தபோது, அவரைக் கடுமையாக விமர்சித்து மேடையில் பேசியவர் அவர். அந்தப் பேச்சை இன்றும் அவருடைய துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஊர் முழுவதும் ஒரு பக்கம் நிற்கும்போது தனியாக எதிர்ப்பக்கம் நிற்க மிகுந்த நெஞ்சுரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனாலும் துக்கம் ஆறாத மனிதர்களின் முன்னால் பேச வேண்டிய பேச்சு அது அல்ல என்பதே என் கருத்து. எம்.ஜி.ஆர். புகழின் உச்சியில் இருந்த நாட்களில், ரசிக மோகத்தில் தன் வாழ்க்கையைத் தொலைக்கும் ஓர் ஏழைப் பெண்ணை வைத்து 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதினாரே, அந்தத் துணிச்சலை அதைவிட மேலாக மதிக்கிறேன். அதில் கோபத்தோடு பரிவும் இருக்கிறது.

அவர் படைத்த தைரியசாலிகளில் எனக்கு மிகவும் பிடித்தவர் மேடை ஏறாதவர், 'யுகசந்தி' கதையின் கௌரிப் பாட்டி. மழித்த தலையும் காவிப் புடவையுமாக வாழ்ந்த பழைய காலத்து விதவை. அவருடைய பேத்தி கீதாவும் இளம் வயதிலேயே கணவனை இழந்தவள், நெய்வேலியில் ஆசிரியையாக இருக்கிறாள். அவள் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்ப, அதைச் சுமந்து வருவதே பாட்டிதான். கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து மகன் வீட்டுக்கு வருகிறார். கடிதத்தைப் படித்த மகன், மகள் செத்துவிட்டாள் என்று தலை முழுகத் தயாராகிறான். பாட்டி யோசிக்கிறார். அந்த யோசனைதான் கதையின் உயிர். தன் இளமையைத் திரும்பிப் பார்க்கிறார். தனக்கு விதிக்கப்பட்டதையும், அதை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டதையும் பார்க்கிறார். தான் பட்டதை இவளும் படட்டும் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பேத்தியிடமே போய்விடத் தீர்மானிக்கிறார்.

பாட்டி தன் ஆசாரத்தை விடவில்லை. கீதா வழிதான் சரி, என் வழி தவறு என்று பிரகடனமும் செய்யவில்லை. என் காலம் இப்படி, உன் காலம் அப்படி, ஆனால் நீ தனியாக நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் செய்கையின் பொருள். தான் யார், தன்னுடைய இழப்பு எது என்று அறிந்திருந்ததால்தான் அவரால் அடுத்த தலைமுறையைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க முடிந்தது. நம் வீடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும் கல்யாண விஷயத்தில் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் கௌரிப் பாட்டியை நினைத்துக்கொள்கிறேன்.

'குருபீடம்' என்ற கதையையும் சொல்லாமல் விட முடியாது. தெருவில் அழுக்கும் சோம்பலுமாகக் கிடக்கும் ஒரு பிச்சைக்காரன். அவனிடம் ஓர் இளைஞன் வந்து, நீங்கள்தான் என் குரு என்று வணங்குகிறான். பிச்சைக்காரனுக்குச் சிரிப்பு வருகிறது. பைத்தியம் என்று நினைக்கிறான். கிடைத்தவரை லாபம் என்று அவன் கொண்டுவரும் உணவையும் பணிவிடையையும் ஏற்றுக்கொள்கிறான். நாள் போகப் போக, இளைஞன் கேட்கும் கேள்விகளுக்காகவே அவன் தன்னைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. உடம்பு சுத்தமாகிறது, பேச்சு மாறுகிறது, ஊர் அவனை வணங்கத் தொடங்குகிறது. ஒரு நாள் அந்தச் சீடன் இல்லாமல் போகிறான். சீடனாக வந்தவன்தான் தனக்குக் குரு என்பது அப்போதுதான் இவனுக்கு உறைக்கிறது. தன்னை அறிவது என்றால் கண்ணை மூடித் தனியே உட்கார்வது என்று நாம் பழகியிருக்கிறோம். ஜெயகாந்தனின் உலகத்தில் அது பெரும்பாலும் இன்னொரு மனிதர் மூலமாகத்தான் நடக்கிறது, நம்மை நாமே மதிக்காத நேரத்தில் நம்மை மதித்த ஒருவர் மூலமாக.

இப்போது ஹென்றிக்கு வருகிறேன். அவன் நாயகனாக வரும் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' 1973-இல் புத்தகமாக வந்தது. தன் நாவல்களில் தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று ஜெயகாந்தனே சொல்லியிருக்கிறார். என்னுடைய ஓட்டும் இதற்குத்தான். பெற்றவர்கள் யாரென்று தெரியாத ஓர் இளைஞன், தன்னை வளர்த்த தந்தை இறந்தபின், அவர் விட்டு வந்த கிருஷ்ணராஜபுரம் என்ற கிராமத்துக்கு லாரியில் வந்து இறங்குகிறான். நீண்ட முடியும் புதுத் தோற்றமும் கொண்ட அவனை ஊரே வேடிக்கை பார்க்கிறது. பூட்டிக் கிடக்கும் பழைய வீடு ஒன்று அங்கே இருக்கிறது. நிலமும் சொத்தும் இருக்கின்றன. அவற்றை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்ட சித்தப்பா துரைக்கண்ணு இருக்கிறார். வழக்கு, வெட்டு, குத்து என்று விரியக்கூடிய எல்லாமே தயாராக இருக்கிறது. விரியவில்லை. ஹென்றிக்குச் சொத்து வேண்டாம். அந்த வீடு போதும். துரைக்கண்ணுவும் அண்ணன் மகனைத் தன் பிள்ளையாக அணைத்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு நாவலில் நடப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டைத் திறக்கிறார்கள். சுத்தம் செய்கிறார்கள். பழுது பார்த்துக் கட்டுகிறார்கள். சேர்ந்து சாப்பிடுகிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர் தேவராஜன் நண்பராகிறார். மனநிலை பிறழ்ந்து ஆடையின்றித் திரியும் ஒரு பெண்ணுக்கு அந்த வீட்டில் இடம் கிடைக்கிறது. அவள் பெயர், ஊர், சாதி எதுவும் யாருக்கும் தெரியாது. ஹென்றி கேட்கவும் இல்லை. பிறகு ஒரு நாள் அவள் போய்விடுகிறாள். அவன் துக்கப்படுகிறான், ஆனால் அவளைக் கட்டிப்போட்டு வைத்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

தமிழ் நாவலில் சந்தோஷமான மனிதன் ஒருவனைக் காட்டச் சொன்னால் நான் ஹென்றியைத்தான் காட்டுவேன். அவனுக்குத் துயரம் உண்டு. வளர்த்த தாயும் தந்தையும் போய்விட்டார்கள். சாதி இன்னதென்று சொல்ல முடியாது, சொந்த ஊர் என்று ஒன்று இல்லை. மற்றவர்கள் இதையெல்லாம் மறைக்க ஒரு கதை கட்டியிருப்பார்கள். ஹென்றி கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்கிறான். அவன் அதைச் சொல்லும்போது அதில் வீரம் எதுவும் தெரிவதில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்குப் பயமும் இல்லை. பயம் இல்லாததால் எதிரில் இருப்பவரை ஆசையோடு பார்க்க அவனுக்கு நேரம் கிடைக்கிறது. கங்காவுக்குக் கிடைக்காதது இதுதான். இரண்டு நாவல்களையும் ஒரே மனிதர் சில ஆண்டு இடைவெளியில் எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஹென்றி ஒரு கனவு, நடைமுறையில் இப்படி ஒருவன் இருக்க முடியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. சொத்து வேண்டாம் என்று சொல்லும் வசதி எல்லோருக்கும் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் நடைபாதையையும் குடிசையையும் எழுதிவிட்டுத்தான் ஜெயகாந்தன் ஹென்றியிடம் வந்தார் என்பதை மறக்கக் கூடாது. 'உன்னைப்போல் ஒருவன்' குடிசைப் பகுதியின் கதை. 1965-இல் அவரே அதைப் படமாகவும் இயக்கி வெளியிட்டார். அச்சகத் தொழிலாளியின் வலியை 'டிரெடில்' கதையில் எழுதினார். வறுமையின் எல்லா மூலைகளையும் பார்த்துவிட்டு வந்தவர், மனிதன் இப்படியும் வாழலாம் என்று ஒரு வீட்டைக் கட்டிக் காட்டினால் அதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு ஆச்சரியமான இன்னொன்று அவருடைய மௌனம். புகழின் உச்சியில் இருந்தவர், எழுபதுகளுக்குப் பிறகு மெல்லக் குறைத்துக்கொண்டு, பின்பு ஏறக்குறைய எழுதாமலே இருந்துவிட்டார். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது, அகிலனுக்குப் பின் தமிழுக்கு இரண்டாவது முறையாக, அவருக்கு வந்தபோது அவர் எழுதிக் குவித்த காலம் எப்போதோ முடிந்திருந்தது. அவர் பெயர் அட்டையில் இருந்தால் போதும் என்று காத்திருக்கப் பத்திரிகைகள் இருந்தன. அவர் எழுதவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று ஒரு எழுத்தாளருக்குத் தெரிவதும், தெரிந்தபின் பேனாவை மூடிவைப்பதும் சாதாரண காரியம் அல்ல. பக்கங்களை நிரப்பும் தொழிலில் இருக்கும் எனக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும்.

எனவே, சந்தோஷத்துக்கு வழி கேட்டு எழுதிய அன்பர்களுக்கு என் பதில் இது. அப்படி ஒரு தொடர் இப்போதைக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஜெயகாந்தன் புத்தகங்கள் இன்றும் அச்சில் கிடைக்கின்றன. உங்கள் ஊர் நூலகத்திலும் நிச்சயம் இருக்கும். 'அக்னிப் பிரவேசம்' கதையை இந்த மாதம் ஒரு மாலை வீட்டில் உரக்கப் படியுங்கள். அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போது ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கட்டும். படித்து முடித்ததும், அந்தத் தாயின் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒவ்வொருவரும் மறைக்காமல் சொல்லிப் பாருங்கள். ஒத்துவராத கருத்துகள் வரும், வரட்டும். 1966-இல் கோபத்தோடு கடிதம் எழுதியவர்களும் நல்ல வாசகர்கள்தான். அவர்கள் எழுதியதால்தான் நமக்கு ஒரு நாவல் கிடைத்தது.

உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமலே வெளியிடுகிறோம். ஜூன் இதழில் அந்தக் கடிதங்களுக்கென்று பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்